உரிமைத் தொகை வேறு கணக்குக்குப் போனபோது

மகளிர் உரிமைத் தொகை 15ஆம் தேதி வாக்கில் வந்துவிடும். திடீரென்று இரண்டு மாதம் வரவில்லை. அந்த 1,000 ரூபாய்தான் எங்கள் வீட்டுப் பால் காசு, அத்தையின் பிரஷர் மாத்திரைக் காசு.

ரேஷன் அரிசி இருந்ததால் சோறு தடைப்படவில்லை. மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கினேன். இதை முன்பே செய்திருக்கலாம். பால்காரரிடம் நிலைமையைச் சொன்னேன். “சரிம்மா, வந்ததும் குடுங்க” என்றார். அந்த வார்த்தையை மறக்க மாட்டேன்.

அப்புறம்தான் இ-சேவை மையத்தில் காரணம் தெரிந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால், மில் வேலைக்காகத் திறந்த பழைய கணக்கு இருந்தது. பணம் கடைசியாக ஆதாரை இணைத்த வங்கிக்குத்தான் போகுமாம். கேஒய்சி என்கிற வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிக்க அந்தப் பழைய வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பழைய கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். 1,000 வரவு; அடுத்த வரியிலேயே குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடித்தம். வயிறு எரிந்தது. ஏழைக்கு வந்த உதவியில் கை வைப்பது அநியாயம். எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரையும் வாங்கினேன். பாதிதான் திரும்பியது.

இப்போது புழங்கும் வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தேன். அடுத்த மாதம் பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. முதலில் பால்காரர் கடனை அடைத்தேன்.