வேல்யூ பங்கா, குரோத் பங்கா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மலிவாகக் கிடைப்பதை வாங்கினால் வேல்யூ, வேகமாக வளர்வதை வாங்கினால் குரோத். எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரே கம்பெனி ஒரு காலத்தில் குரோத் பங்காகவும், இன்னொரு காலத்தில் வேல்யூ பங்காகவும் இருக்கலாம். மைக்ரோசாஃப்டை வைத்தே பார்ப்போம்.

படி 1: பி.இ. பாருங்கள்

ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் எவ்வளவு என்பதை இ.பி.எஸ். என்பார்கள். பங்கின் விலையை அதால் வகுத்தால் வருவது பி.இ. இந்த எண் சிறிதாக இருந்தால் பங்கு மலிவு, பெரிதாக இருந்தால் விலை அதிகம்.

1999 கடைசியில் மைக்ரோசாஃப்ட் பங்கின் விலை, பின்னால் வந்த பங்குப் பிரிப்பையும் (ஒரு பங்கை இரண்டாக்குவது; விலையும் பாதியாகும்) கணக்கில் எடுத்தால், சுமார் 60 டாலர். அந்த ஜூனில் முடிந்த நிதியாண்டின் இ.பி.எஸ். 71 சென்ட். பி.இ. சுமார் 84. 2011 ஜூன் கடைசியில் விலை 26 டாலர், இ.பி.எஸ். 2.69 டாலர். பி.இ. 10-க்கும் கீழே. அன்று குரோத் பங்கு, இன்று வேல்யூ பங்கு என்று ஆகிவிட்டது.

இந்த 12 வருடத்தில் இ.பி.எஸ். கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிவிட்டது. பங்கு விலையோ பாதிக்கும் கீழே! கம்பெனி வளரத்தான் செய்தது. 1999-ல் வாங்கியவர் அந்த வளர்ச்சிக்கும் சேர்த்து, அதற்கு மேலும் முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டார். அந்தப் பழைய உச்சத்தைப் பங்கு தாண்டியது 2016-ல்தான்.

நம் ஊர்க் கம்பெனி என்றால் துணை நிறுவனங்களையும் சேர்த்த கன்சாலிடேட்டட் கணக்கையே எடுங்கள்.

படி 2: வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள்

பி.இ.யை ஆண்டு லாப வளர்ச்சி சதவீதத்தால் வகுத்தால் பெக் விகிதம். 1-ஐ ஒட்டி இருந்தால் விலை நியாயம் என்பது சந்தையில் புழங்கும் தோராயக் கணக்கு. மேலே சொன்ன 12 வருடத்தில் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம். 84-ஐ 12-ஆல் வகுத்தால் 7. அவ்வளவு விலை!

படி 3: மலிவு என்றால், ஏன் மலிவு?

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டீல் போன்ற தொழில்களில் அந்தச் சரக்கின் விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் ஊதிப்போய் பி.இ. 5, 6 என்று காட்டும். அடுத்த வருடம் லாபம் சரிந்தால் அதே பங்கு மலிவாகத் தெரியாது. ஆகவே ஒரு வருட லாபத்தை நம்பாமல் 7, 8 வருடச் சராசரியைப் பாருங்கள். நிலத்தை விற்று வந்த ஒருமுறை லாபம் கணக்கில் கலந்திருக்கிறதா? தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம், காட்டிய லாபத்துக்குப் பக்கத்திலாவது இருக்கிறதா? புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முக்கியப் பங்குதாரர், தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா? இந்தக் கடைசி விவரம் பங்குச் சந்தைத் தளங்களிலேயே கிடைக்கும்.

படி 4: வளர்ச்சி என்றால், யார் காசில்?

கடன் வாங்கியோ, புதுப் பங்கு வெளியிட்டோ விற்பனையைப் பெருக்குவது சுலபம். கம்பெனியின் லாபம் ஏறியும், பங்குகள் பெருகியதால் இ.பி.எஸ். ஏறவில்லை என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள்.

படி 5: விற்கும் காரணத்தை இப்போதே எழுதுங்கள்

வாங்கும் அன்றே ஒரு வரி போதும். வேல்யூ என்றால், எந்த விலை வந்தால் விற்பேன்? குரோத் என்றால், வளர்ச்சி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் விற்பேன்? குரோத் என்று வாங்கிய பங்கு சரிந்ததும், "இப்போது இது வேல்யூ" என்று பெயரை மாற்றி வைத்துக்கொள்ளும் ஆசை வரும். அப்போது அந்த வரியை எடுத்துப் படியுங்கள்.