செட்டிநாட்டு முட்டை மசாலா: திருகோணமலை அடுப்படியில் செய்யும் முறை

மாரிகாலத்தில் வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் திருகோணமலைச் சந்தைக்கு மீன் வரத்துக் குறைந்து விலையும் ஏறிவிடும். விரத நாட்கள் போக, அந்த மாதங்களில் நம் வீடுகளில் முட்டை அடிக்கடி கறியாவதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் வழக்கமாக வைப்பது கறித்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த முட்டைக் குழம்பு. அது நல்ல கறிதான் என்றாலும் எந்நாளும் ஒரே சுவையாக இருக்கும். கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அமைந்த செட்டிநாட்டில் முட்டையை வேறுவிதமாகச் சமைக்கிறார்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று வணிகத்துக்குச் சென்று வந்த நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தின் ஊர்களில் வளர்ந்த அச்சமையலில், உறைப்பை மிளகாய் மட்டும் தருவதில்லை. மிளகும் பெருஞ்சீரகமும் மிளகாயோடு சரிசமமாக நிற்கின்றன. அந்த வாசனையைப் பெற விரும்புகிறவர்கள், வீட்டில் இடித்து வைத்திருக்கும் கறித்தூளை இதில் போடவே கூடாது. போட்டால் கிடைப்பது நம்முடைய வழக்கமான குழம்பு, தேங்காய்ப்பால் இல்லாமல்.

நான்கு பேருக்கு ஆறு முட்டை போதும். அதற்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், நன்றாகப் பழுத்த மூன்று தக்காளி, எட்டுப் பல்லு உள்ளி, ஓர் அங்குலத் துண்டு இஞ்சி, நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு நெட்டுக் கறிவேப்பிலை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயம் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, உரிக்கும் வேலைக்குப் பயந்து பெரிய வெங்காயத்தைப் போடுவது வீண். பெரிய வெங்காயம் நீர் அதிகம் விட்டு, மசாலாவை இனிப்பாக்கிவிடும்.

வறுத்து அரைப்பதற்கு எட்டுச் செத்தல் மிளகாய், ஒன்றரை மேசைக்கரண்டி மல்லி, ஒன்றரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி நற்சீரகம், ஓர் அங்குலக் கறுவா, இரண்டு கராம்பு, ஓர் ஏலக்காய், பாதி அன்னாசிப்பூ, நான்கு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ ஆகியவை வேண்டும். செட்டிநாட்டுச் சமையலில், பூஞ்சையும் பாசியும் இணைந்து வளரும் லைக்கன் வகையான கல்பாசியும் சேரும். அது கிடைத்தால் ஒரு சிட்டிகை போடலாம், கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டியதில்லை.

முதலில் முட்டையை அவித்து எடுக்க வேண்டும். இன்று இட்ட முட்டையை அவித்தால் வெண்கரு உள்தோலோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பிய்ந்து போகும். முட்டை சில நாட்கள் இருக்கும்போது அதிலுள்ள கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேற, வெண்கருவின் காரத்தன்மை கூடி, அந்தப் பிடிப்புத் தளர்ந்துவிடும். ஆகவே நான்கைந்து நாள் ஆன முட்டையே இதற்கு ஏற்றது. கொதிக்கும் நீரில் கரண்டியால் மெதுவாக இறக்கி, மிதமான கொதியில் பத்து நிமிடம் விடுங்கள்; ஊர்க்கோழி முட்டை சிறிதாக இருப்பதால் அதற்கு எட்டு நிமிடம் போதும். உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். அளவுக்கு மிஞ்சி வெந்த முட்டையின் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் நிற வளையம் தோன்றுவதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். வெண்கருவில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு மஞ்சட்கருவில் உள்ள இரும்போடு சேர்வதால் அது வருகிறது. உண்பதற்குக் கேடில்லை, ஆனால் மணமும் பதமும் கெட்டுவிடும்.

அடுத்தது வறுப்பு. இந்தச் சமையலில் பொறுமை மிகுதியாக வேண்டிய இடம் இதுதான். எல்லாச் சரக்குகளையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால், மல்லி சூடேறுவதற்குள் நற்சீரகம் கருகிவிடும். அடுப்பைக் குறைத்துவைத்து, வெறும் தாச்சியில் மல்லியையும் மிளகாயையும் முதலில் போட்டு, மல்லி நிறம் மாறி மணம் எழுந்த பின் மிளகையும் கறுவா, கராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ ஆகியவற்றையும் சேர்த்து, இறக்குவதற்கு அரை நிமிடத்துக்கு முன் இரண்டு சீரகங்களையும் போடுங்கள். கல்பாசி இருந்தால் அதையும் அப்போதே சேர்க்கலாம். இவற்றைத் தனியாக எடுத்து ஆறவைத்துவிட்டு, அதே தாச்சியில் தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாகும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் சிறிது நீர் விட்டுப் பசையாக அரைக்க வேண்டும். அம்மியில் அரைக்க நேரமும் கையும் இருந்தால் அதுவே சிறப்பு. கிரைண்டரில் அரைப்பவர்கள் முதலில் நீர் விடாமல் பொடித்துவிட்டு, பின்பு நீர் சேர்த்தால் மிளகாய்த் தோல் திப்பியாக நிற்காது.

உரித்த முட்டைகளில் நீளவாக்கில் மூன்று நான்கு இடங்களில் மஞ்சட்கருவைத் தொடாதபடி மெல்லக் கீறுங்கள். கீறாமல் சூடான எண்ணெயில் போட்டால் உள்ளே சேரும் நீராவி வெளியேற வழியில்லாமல் முட்டை வெடித்து எண்ணெய் தெறிக்கக்கூடும். மசாலா உள்ளே இறங்குவதற்கும் இந்தக் கீறலே வழி. தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, ஒரு சிட்டிகை மஞ்சளும் உப்பும் தூவி, முட்டைகளை உருட்டி உருட்டி இரண்டு நிமிடம் பொரித்து எடுத்துவிடுங்கள். மேலே மெல்லிய பொருக்குப் படிந்தால் போதும், அதற்கு மேல் போனால் வெண்கரு ரப்பர் போலாகிவிடும்.

மீதி எண்ணெயை அதே தாச்சியில் ஊற்றி, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தையும் கறிவேப்பிலையையும் தாளித்து, சிறிதாக அரிந்த வெங்காயத்தை உப்போடு போடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை இழுத்து வெளியே விடுவதால் அது அடிப்பிடிக்காமல் வதங்கும். பெரும்பாலானோர் வெங்காயம் கண்ணாடி போலானதும் அடுத்ததைப் போட்டுவிடுகிறார்கள். இந்த மசாலாவுக்கு அது போதாது. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வரை மெல்லிய தீயில் கிளறி, ஓரங்கள் செம்மண் நிறமாகும் வரை காத்திருக்க வேண்டும். குழம்பின் தடிப்பும் நிறமும் இந்த வெங்காயத்திலிருந்தே வருகின்றன. அதன் பின் நசுக்கிய இஞ்சி, உள்ளியைப் போட்டுப் பச்சை மணம் போக வதக்கி, மீதி மஞ்சளையும் தக்காளியையும் சேர்த்து, தக்காளி முற்றிலும் கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை விடுங்கள்.

அரைத்த பசையை இப்போது சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் பிரட்டுங்கள். மிளகாயின் உறைப்பும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை என்பதால், நீர் விடுவதற்கு முன் பசை எண்ணெயில் வதங்குவது கட்டாயம். ஒன்றரைக் கோப்பை சுடுநீர் ஊற்றி, உப்புப் பார்த்து, மூடிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, முட்டைகளை இறக்கி, மேலும் ஐந்து நிமிடம் குறைந்த தீயில் வையுங்கள். தக்காளி புளிப்புக் குறைவாக இருந்தால் சிறிது பழப்புளிக் கரைசல் விடலாம். அதை முட்டை போடுவதற்கு முன்பே விட்டுக் கொதிக்கவைத்துவிட வேண்டும். சிறுவர்களுக்கு உறைப்புத் தாங்காது என்றால் செத்தல் மிளகாயை ஐந்தாகக் குறையுங்கள், மிளகைக் குறைக்காதீர்கள். தேங்காய்ப்பால் ஊற்றி உறைப்பை ஆற்றுவது நம் கைப்பழக்கம் என்றாலும், இதில் அது வறுத்த வாசனையை அமுக்கிவிடுகிறது.

இறக்கியதும் பரிமாறாமல் அரை மணி நேரம் மூடிவைத்தால் கீறல்களுக்குள் சாறு இறங்கும். செட்டிநாட்டில் இதைச் சோற்றுடனும் தோசையுடனும் உண்பார்கள். நமக்கு இடியப்பத்துக்கும் றோஸ் பாணுக்கும் மிகப் பொருத்தமாக இருக்கும். இடியப்பத்துக்கென்றால் அரைக் கோப்பை நீர் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள், பாணுக்கென்றால் தடிப்பாகவே இருக்கட்டும். மிஞ்சியதை இந்த ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கி உண்ணலாம்.