பேப்பர் கட்டிங்கை அப்படியே அனுப்புகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

விடியற்காலை பாம்பனில் டீ குடிக்கப் போனால், பேப்பர் கட்டு ஏற்றிய வண்டி பாலத்தைத் தாண்டும் முன்பே அன்றைய பேப்பர் முழுசும் பிடிஎஃப்பாக நாலைந்து போனில் வந்து இறங்கியிருக்கும். சும்மாதானே வருது, இதில் என்ன தப்பு என்பார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ஜாக்ரன் என்ற இந்திப் பத்திரிகை நிறுவனத்தின் இ-பேப்பரை டெலிகிராமில் தினமும் ஏற்றிய விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2020 மே மாதம் அந்த சேனல்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கவும் நடத்தியவர்கள் யார் என்று சொல்லவும் உத்தரவானது. காசு வாங்கவில்லை என்று சொன்னாலும் விட்டுவிட மாட்டார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

சரி, அப்போ செய்தியே சொல்லக்கூடாதா என்று பயந்துவிடுவது இன்னொரு தவறு. நடந்த விஷயத்துக்கு யாரும் பட்டா போட முடியாது. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியதையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நிருபர் எழுதிய வரிகள்தான் சொந்தம் கொண்டாடக்கூடியவை. மண்டபத்து விசைப்படகு பிடிபட்டது என்று மூன்று பத்திச் செய்தி வந்திருக்கிறது என்று வையுங்கள். "நம்ம பக்கத்துப் படகு ரெண்டு, ஒன்பது பேரு, ராத்திரி நெடுந்தீவுகிட்ட பிடிச்சிருக்காங்க, மிச்சம் லிங்க்ல பாருங்க" என்று உங்கள் வாயில் வருகிற மாதிரி எழுதிப் போட்டால் ஒரு வம்பும் இல்லை.

கீழே 'நன்றி' என்று பத்திரிகை பெயரைப் போட்டால் போதும் என்பவர்களும் உண்டு. நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

எத்தனை வரி எடுக்கலாம்? அமெரிக்காவில் 2010 வாக்கில் ரைட்ஹேவன் என்ற நிறுவனம், லாஸ் வேகஸ் பத்திரிகைச் செய்திகளை இணையத்தில் ஒட்டியவர்கள்மேல் 200க்கும் அதிகமான வழக்குகள் போட்டது. அதில் ஒன்றில், ஐந்து வாக்கியம் மட்டும் எடுத்துப் போட்டது நியாயமான பயன்பாடுதான் என்று 2012இல் தீர்ப்பானது. அது அந்த ஊர்ச் சட்டம். நம் சட்டத்தின் 52ஆவது பிரிவு, நடப்புச் செய்தியைச் சொல்லவும் விமர்சிக்கவும் நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறதே தவிர எண்ணிக்கை எதுவும் கொடுக்கவில்லை. 'பத்து சதவீதம் வரைக்கும் ஓகே' என்று யாராவது அடித்துவிட்டால் நம்பாதீர்கள்.

படம் விஷயத்தில் நானே மாட்டினேன். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்த சமயம், நடுப்பகுதி மேலே தூக்கி நிற்க அடியில் படகு போகிற மாதிரி ஒரு அருமையான படம் வந்தது. ஸ்டேட்டஸுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டினேன், ஓரத்தில்தான் எடுத்தவர் பெயர் இருந்தது. சாயங்காலமே போன். "அண்ணே, வெயில்ல நாலு மணி நேரம் நின்னு எடுத்தேன், என் பேரை மட்டும் கரெக்டா வெட்டிட்டீங்களே." எனக்குப் பதில் வரவில்லை. படத்துக்கு உரிமை, எடுத்தவர் வாழும் வரையும் அதற்கப்புறம் 60 ஆண்டும். எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆவது பிரிவு தனியாகவே கொடுக்கிறது.

அரசிதழ், நீதிமன்றத் தீர்ப்பு இதையெல்லாம் பொதுவாக அப்படியே போடலாம். வானிலை எச்சரிக்கைக்குக் கட்டிங்கே வேண்டாம், வானிலை மையத்தின் லிங்கைப் போடுங்கள். வெட்டிய கட்டிங்கில் பெரும்பாலும் தேதி இருக்காது, போன வருஷத்துப் புயலை இன்றைக்கு என்று நினைத்து வல்லத்தைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.