முன்நீரிழிவு: நடை, உணவுத் தட்டு, பிறகு மாத்திரை

அறிக்கையில் முன்நீரிழிவு (சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தும் நீரிழிவின் அளவை எட்டாத நிலை) என்று வந்ததும் பலர் இனிப்பை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது போதாது. எனக்குப் பலன் தந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எண்ணை உறுதி செய்யுங்கள்
எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம், அல்லது வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மி.கி./டெ.லி. வரை இருந்தால் முன்நீரிழிவு என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறை. இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும். மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. நடை
வாரம் 150 நிமிடங்கள், உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வின் இலக்கு இதுதான். இதைப் பின்பற்றியவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். நடையை முதலில் வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

அடிகளை எண்ணும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்குள் மெல்ல உலவுவதையும் அவை கணக்கில் சேர்த்துவிடும். கடிகாரமே போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சாப்பிட்டவுடன் சிறிது நேரம் நடந்தால் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

3. தட்டு
பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மாவுச்சத்து.

4. மாத்திரை
மெட்ஃபார்மின் எல்லோருக்கும் தேவைப்படாது. 60 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ, உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 35ஐத் தாண்டியவர்கள், கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் ஆகியோருக்குப் பலன் அதிகம். தொடங்கும் முன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

நான் திணறிய இடம் இது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் படுத்தி எடுத்தன. இந்த மருந்துக்கு இவை சகஜம். பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடாமல் உணவோடு சேர்த்துப் போடுங்கள். குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இருக்கிறது. எனக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

5. மறுபரிசோதனை
எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். அடுத்த மாதமே எடுத்துப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பின்சேர்க்கை: கால் மரத்துப்போவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் மரத்துப்போகும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் பி12ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள்.