பரு வரும் முகத்துக்கு எதில் செலவு செய்யலாம்?

வேலூரில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பரு வரும் முகத்துக்குக் கனமான கிரீம் எதுவும் வேண்டாம். ஃபேஸ் வாஷுக்கும் அதிகம் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும் பொருள் அது. மணமில்லாத, மென்மையான ஏதாவது ஒன்று போதும்.

பணம் போக வேண்டியது முகத்தில் தங்கும் மருந்துக்குத்தான். மருந்துக் கடையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் கேளுங்கள். 5, 10 என்று ஏற்றினால் பலன் பெரிதாக அதிகரிக்காது, எரிச்சல்தான் கூடும். இரவில் மெல்லியதாகப் பூசுங்கள். இந்த ஜெல் துணியின் சாயத்தை வெளுக்கும் என்பதால் தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும். நீல உறையானால் கன்னம் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும், பிறகு வீட்டில் யார் பதில் சொல்வது? மூக்கோரத்துக் கரும்புள்ளிகளுக்குச் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் ஏற்றது. எதுவானாலும் 8 வாரமாவது பொறுங்கள். பத்து நாளுக்கு ஒரு டியூப் மாற்றுவதில்தான் காசு கரைகிறது.

“ஒரே வாரத்தில் முகம் பளிச்” என்று யாராவது ஒரு கிரீமை நீட்டினால், டியூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் தெளிவு தரும். பிறகு தோல் மெலிந்து, பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். வாங்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் ஜெல் வடிவில், எஸ்.பி.எஃப். 30 போதும். வலிக்கும் கட்டிகளோ குழித் தழும்போ இருந்தால், கடைக்குப் போகாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.