நாலரை மணி ரோல்ஸ்: நாக்கு கேட்கும்போது என்ன செய்வது?

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் வேலை. பின்னேரம் நாலரை ஆனால் எனக்கு ஒரு மீன் ரோல்ஸ் வேண்டும். ஒபிசுக்குப் பக்கத்துக் கடையில் சுடச்சுடப் போடுவார்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும் சரி, நாலரைக்குக் கால் தானாகவே படியிறங்கும். திங்கட்கிழமை "இனி இல்லை" என்று சபதம் எடுப்பேன். புதன்கிழமை இரண்டாகச் சாப்பிடுவேன், விட்டதற்கும் சேர்த்து.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. அதன் பிறகுதான் சபதத்தை விட்டுவிட்டுக் கொப்பியை எடுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பசியா, ஆசையா?

பசி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆசை பெயர் சொல்லிக் கேட்கும். அடுத்த தடவை நாக்கு ஊறும்போது, "இப்போது சோறும் பருப்பும் தந்தால் சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது பசி. ஏதாவது ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. "சே, சோறு வேண்டாம், ரோல்ஸ்தான்" என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ஏழு நாள் கொப்பி

இதுதான் முக்கியமான வேலை. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். இந்த ஏழு நாளும் எதையும் நிறுத்த வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் நாலு நிரல்: நேரம், இடம், என்ன கேட்டது, அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது. கடைசி நிரலைப் பலர் விட்டுவிடுவார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

என் கொப்பியில் ஐந்து வேலை நாளில் நாலு நாள் அந்தக் கடைசி நிரலில் ஒரே விதமாகத்தான் எழுதியிருந்தேன்: "கணக்கு அறிக்கை அனுப்பி முடித்தேன்", "மேலாளரோடு கூட்டம் முடிந்தது". ஒரு தலையிடி முடிந்த கையோடு ரோல்ஸ். எனக்குத் தேவைப்பட்டது மீனும் மாவும் இல்லை, கதிரையை விட்டு எழும்ப ஒரு சாட்டு. சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். நாலரைக்கு ரோல்ஸ் நினைவே வரவில்லை. ஆனால் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்று வரும் சூன் பாண் ஓட்டோவின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் வாயூறியது. பணிஸ் கண்ணில் படவே இல்லை, பாட்டு மட்டும்தான்! சாப்பாடு வருமுன்னே சத்தம் கேட்டு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கொழும்பில் அதை நிரூபிக்க நாயும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம்.

உடம்புக்குள்ளேயும் இப்படி ஒரு மணிக்கூடு இருக்கிறது. இரைப்பை கிரெலின் என்றொரு பசி தூண்டும் ஹோர்மோனைச் சுரக்கிறது. 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும். சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். ஒவ்வொரு நாளும் நாலரைக்குத் தீனி போட்டால், நாலரைக்கு எதிர்பார்க்க நாமே பழக்கிவிடுகிறோம். இதற்கு மனவுறுதி இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்வதில் பிரயோசனமில்லை.

படி 3: காலையையும் மத்தியானத்தையும் சரிசெய்யுங்கள்

பின்னேர ஆசை பலருக்குக் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு 100 ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிறோம். மத்தியானம் சோற்றுப் பார்சல். அதில் சோறு மலைபோல, பருப்பும் மீன் துண்டும் பொட்டுப்போல. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒரு அவித்த முட்டையோ, கடலையோ, இன்னொரு துண்டு மீனோ சேருங்கள். மரக்கறி கூடட்டும். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நிற்கும். காலையில் கௌப்பியோ பயறோ அவித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நித்திரையும் இதில் சேர்த்திதான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். 2004 இல் வெளியான ஆய்வு அது. பத்து மணித்தியாலம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டபோது கிரெலின் 28 வீதம் கூடியிருந்தது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 வீதம் குறைந்திருந்தது. இனிப்பும் உப்புத் தீனியும்தான் அவர்களை அதிகமாக இழுத்தன. இரவு ஒரு மணிவரை கிரிக்கெட் பார்த்துவிட்டு அடுத்த நாள் பணிஸைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொன்று: எதையும் ஒரேயடியாகத் தடைசெய்ய வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45 இல் 36 ஆண்களுக்கு 24 கிழமை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள்! பட்டினி போட்டுக் கிடந்தால் நாக்கின் கத்தல் கூடத்தான் செய்யும்.

படி 4: வழியை மாற்றுங்கள்

கொப்பி காட்டிய இடத்தில் கை வையுங்கள். நான் செய்தது சின்ன விஷயம். நாலேகாலுக்கே எழும்பி, கடை இல்லாத பக்கத்துப் படியால் இறங்கி, ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். மேசை லாச்சியில் கச்சான் ஒரு போத்தல். முதல் கிழமை கஷ்டமாக இருந்தது. மூன்றாம் கிழமை, வீட்டுக்குப் போகையில் அந்தக் கடையைக் கடந்த பிறகுதான் கடையே நினைவுக்கு வந்தது. வீட்டில் இனிப்பு டின் கண்மட்டத்தில் இருந்தால் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். ஏணி வைத்து எடுக்கிற அளவு ஆசை இருந்தால், சரி, சாப்பிடுங்கள்.

படி 5: அலை வரும்போது

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில நாள் வரும். காலிமுகத்திடலில் அலையைப் பார்த்திருப்பீர்கள்தானே, ஏறும், உடையும், திரும்பும். பத்து நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். "வேண்டாம்" என்று மல்லுக்கட்ட வேண்டாம், "பத்து நிமிடம் கழித்து" என்றால் போதும்.

அந்த நேரத்தில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். ஆசை பெரும்பாலும் படமாகத்தான் வருகிறது: பொன்னிறம், ஆவி, கடிக்கும்போது வரும் அந்த மொறுமொறுப்பு. பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஐபொட்டில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாட்டு ஆடியவர்களுக்கு ஆசையின் வேகம் 70 வீதத்திலிருந்து 56 ஆக இறங்கியது. கட்டைகளை அடுக்குகிற மனத்துக்கு ரோல்ஸைப் படம் வரைய இடமில்லை. முற்றாகப் போகாது. ஆனால் கால் படியிறங்காமல் இருக்க அந்த அளவே எனக்குப் போதுமாக இருந்தது.

படி 6: சாப்பிடுவதென்றால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள்

பத்து நிமிடம் கழித்தும் கேட்டால் ஒன்றை வாங்கி, தட்டில் வைத்து, இருந்து சாப்பிடுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். பையோடு கொறிக்கிற மிக்சருக்குக் கணக்கே இல்லை.

தேத்தண்ணியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி, நாளுக்கு நாலு கோப்பை என்றால் அதுவே 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவு, 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு எல்லாமாக 50 கிராமுக்குள், முடிந்தால் 25. ஒவ்வொரு கிழமையும் கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு கண்டுபிடிக்காது.

இந்தப் படிகள் பொருந்தாதவர்கள்

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, இனிப்புக் கேட்டால் அது ஆசை இல்லை. இரத்தத்தில் சீனி குறைந்திருக்கலாம். பத்து நிமிடம் காக்க வேண்டாம், மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். ஐஸ் கட்டி, சமைக்காத அரிசி, மண் இவற்றைத் தின்ன மனம் இழுத்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கர்ப்பிணிகள் கட்டாயம். நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு, பிறகு வாந்தி எடுக்கிறவர்களும் கொப்பியோடு நிற்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

என் கணக்கில் இப்போது மாதம் நாலு ரோல்ஸ் வரும். சூன் பாணை மட்டும் விடவில்லை. சனிக்கிழமை பாட்டுக் கேட்டால் நான் கதிரையில் இருந்தபடி பத்து நிமிடம் குறிக்கப் பார்ப்பேன். அதற்குள் அம்மா கேற்றடியில் நிற்பார்: "தம்பி, கெதியா வா, அவன் போயிடுவான். எனக்கொரு கிம்புலா பணிஸ்!"