ஆர்த்ராஸ்கோப்பில் ஏசிஎல்லை இனங்காண: பார்த்தால் போதாது, கொக்கியால் தொட வேண்டும்

முழங்காலுக்குள் ஆர்த்ராஸ்கோப்பின் (மூட்டுக்குள் பார்க்கும் கருவியின்) லென்ஸை விட்டதும் திரையில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். உடனே அதுதான் ஏசிஎல் (தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் முன் குறுக்குத் தசைநார்) என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிங்கப்பூர் அறுவைக்கூடங்களில் பயிலும் மருத்துவர்களுக்கும், கூடவே நின்று கருவி எடுத்துத்தரும் தாதியருக்கும் இந்தக் குறிப்பு. நிறத்தை வைத்துத் தசைநாரை அறிய முடியாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இழுத்தால் விறைக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை வேண்டும்.

முழங்காலை 90 பாகை மடக்குங்கள். முன்-வெளிப்பக்கத் துளையில் 4 மி.மீ., 30 பாகை சாய்வாகப் பார்க்கும் லென்ஸ். முன்-உட்பக்கத் துளையில் கொக்கி. ரத்தம் கலங்கியிருந்தால் உப்புநீரை ஓடவிட்டுத் தெளிந்த பிறகே தொடருங்கள். ஒளிக்கம்பி எந்தப் பக்கம் நிற்கிறதோ, லென்ஸ் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். ஆகவே நாட்சின் (தொடை எலும்பின் இரு குமிழ்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின்) வெளிச்சுவரைக் காண ஒளிக்கம்பியை உட்பக்கம் திருப்ப வேண்டும். அப்படியும் சுவர் சரியாகத் தெரியாவிட்டால் லென்ஸை உட்பக்கத் துளைக்கு மாற்றிவிடுங்கள். நேராகத் தெரியும்.

முதலில் ஏமாற்றுவது லிகமென்டம் மியூகோசம். நாட்சின் கூரையில் தொடங்கி, ஏசிஎல்லுக்கு முன்னால் ஓடி, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள ஹாஃபா கொழுப்புத் திண்டில் போய் முடிகிற வெறும் சவ்வுமடிப்பு அது. கொக்கியைக் கீழே கொடுத்துத் தூக்கினால் நனைந்த நூல்போலத் தொளதொளவென்று வரும். கால் எலும்பைத் தொடவே தொடாது. பார்வையை மறைத்தால் ஷேவரால் (சுழன்று வெட்டும் கருவியால்) எடுத்துவிடலாம். ஆனால் ஷேவரின் மிதியை அழுத்தும் முன் இரண்டு முனைகளையும் கொக்கியால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். நல்ல ஏசிஎல்லை ஷேவரில் இழந்தால் அதே நாரைத் திரும்ப வைக்க வழியில்லை.

உண்மையான ஏசிஎல், தொடை எலும்பின் வெளிக்குமிழில், நாட்சைப் பார்த்த சுவரின் பின்பகுதியில் தொடங்கும். கீழே, முன்னே, உள்ளே என்று சாய்ந்து, கால் எலும்பில் விசிறிபோல விரியும். அந்த விசிறிக்குப் பக்கத்திலேயே வெளி மெனிஸ்கஸின் (மூட்டு எலும்புகளுக்கு நடுவேயுள்ள குருத்தெலும்புத் திண்டின்) முன்கொம்பு இருக்கும். சராசரி நீளம் 3 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டு கற்றைகளில் பின்-வெளிக்கற்றை மறைந்தே கிடக்கும். காலை 4 என்ற எண்போல மடக்கிவைத்தால் வெளியே வரும். கொக்கியை நாரில் மாட்டியபடியே உதவியாளரைக் கால் எலும்பை முன்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். நல்ல நார் கொக்கியின் கீழ் கம்பிபோல விறைக்கும். மேலுறை பளபளவென்று முழுதாக இருந்து உள்ளே இழைகள் அறுந்திருப்பதும் உண்டு. அதனால்தான் கண் போதாது என்கிறோம்.

அதிகம் தவறவிடப்படுவது இன்னொன்று. வெளிச்சுவரிலிருந்து அறுந்த ஏசிஎல் சில மாதங்களில் பிசிஎல் (பின் குறுக்குத் தசைநார்) மேல் ஒட்டிக்கொண்டு, முழு நாராகவே காட்சிதரும். கால் எலும்பைக் கையால் முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில்கூட நல்ல பிடிப்பு இருப்பதுபோலத் தோன்றும். பட்டைக்கும் சுவருக்கும் நடுவே கொக்கியை விடுங்கள். தடையில்லாமல் போனால் சுவர் காலி, அதாவது நார் அங்கே ஒட்டியில்லை.

நார் தொய்ந்திருந்தாலே அறுந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பிசிஎல் அறுந்திருந்தால் கால் எலும்பு பின்னே சரிந்து நல்ல ஏசிஎல்லும் தளர்ந்து காட்டும். எலும்பை முன்னே இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு பாருங்கள்.

புது நார் வைக்கத் துளையிடுவதானால் வெளிச்சுவரில் உள்ள எலும்பு வரம்பைத் தேடுங்கள். பயிலும் மருத்துவர்கள் அதையே நாட்சின் பின்விளிம்பு என்று நினைத்துவிடுவதால் ‘ரெசிடென்ட்ஸ் ரிட்ஜ்’ என்று பேர். ஏசிஎல் ஒட்டும் இடம் முழுவதும் அதற்குப் பின்னே. 90 பாகை மடக்கில் திரையில் அதற்குக் கீழே. வரம்புக்கு முன்னால் துளையிட்டால் முழங்காலை மடக்கும்போது புது நார் இழுபட்டு, நாளடைவில் தளர்ந்துபோகும்.

கொக்கி நாரின் மேல் இருக்கும்போதே படம் எடுத்துவையுங்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமான வேலையில் கால் முறுக்கிக்கொண்டவர் “ஜவ்வு கிழிஞ்சிருச்சா?” என்றுதான் கேட்பார். மெனிஸ்கஸும் ஜவ்வுதான், தசைநாரும் ஜவ்வுதான் அவருக்கு. எது கிழிந்தது, எது நன்றாக இருக்கிறது என்று அந்தப் படத்தைக் காட்டியே சொல்லலாம்.